வயிற்றுத் தீயும் சாரீரமும்

சென்ற புரட்டாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. எட்டாம் வகுப்பில் நின்றுகொண்டு பிள்ளைகளைப் பார்த்து "உட்காருங்கள்" என்று சொன்னோம். அந்த வார்த்தையில் முதல் எழுத்து மட்டுமே வெளியே வந்தது. மற்றவை வெறுங் காற்றாகப் போய்விட்டன. பிள்ளைகள் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒருவன் மெள்ளச் சிரித்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரிக்க முயன்றோம். அந்தச் சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

இந்தப் பத்தியில் "நாம்" என்று எழுதுவது பத்திரிகை மரியாதையை உத்தேசித்து. மற்றபடி தொண்டை ஒன்றே ஒன்றுதான். அதுவும் இருபது வருஷமாகக் கரும்பலகைச் சுண்ணாம்புப் பொடியிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் அடிபட்ட தொண்டை. வழக்கமாக ஊர் சமாசாரங்களையும் பள்ளிக்கூட விவகாரங்களையும் பற்றி எழுதி வருகிறோம். இந்த வாரம் சொந்தத் தொண்டையைப் பற்றி எழுதுவதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கீரப்பாளையத்தில் மட்டுமே இதே உபத்திரவம் உள்ளவர்களை நாலைந்து பேர் நமக்குத் தெரியும். நாம் பட்ட அவஸ்தை அவர்களுக்காவது பிரயோஜனப்படட்டும்.

முதலில் அது ஜலதோஷம் என்று நினைத்தோம். ஊரிலுள்ள அத்தனை பேரும் அவ்வாறே நினைத்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சுக்குக் கஷாயம் ஆயிற்று. சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு வாரம் நடமாடினோம். சட்டைப் பையில் எந்நேரமும் புதினா வாசனையுள்ள தொண்டை மிட்டாய் இருந்தது. பாடவேளைக்கு ஒன்று வீதம் கரைந்தது. இரவு படுக்கப் போகும்போது மிளகுப் பொடி போட்டு ஒரு பெரிய தம்ளர் பால். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய கிருமிநாசினி மாத்திரையும் ஐந்து நாள் உள்ளே போயிற்று. அதில் வயிறு கெட்டதுதான் மிச்சம். இவற்றில் இரண்டு, நம் நோயைப் போக்குவதற்குப் பதிலாகத் தாலாட்டி வளர்த்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்தது. காலையில் எழுந்ததும் குரல் கட்டைக் குரலாக இருக்கும். பத்து மணிக்குக் கொஞ்சம் தெளியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாடவேளையில் மறுபடி கரகரவென்று தேய்ந்து, மூன்று மணிக்கு அறவே நின்றுவிடும். தொண்டையில் ஏதோ உருண்டை ஒன்று அடைத்துக்கொண்டிருப்பது போல எப்போதும் ஓர் உணர்ச்சி. நிமிஷத்துக்கு ஒரு தரம் கனைத்துக்கொள்ளத் தோன்றும். நெஞ்செரிச்சல் என்பதோ மருந்துக்கும் கிடையாது. ஆகையால் வயிற்றைப் பற்றிய சந்தேகம் நமக்கு எழவே இல்லை.

வேறு ஒரு சந்தேகம் எழுந்தது. பக்கத்து ஊரில் நமக்குப் பழக்கமான தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர், நல்ல பேச்சாளி, தாம்பூலப் பிரியர். அவருக்கும் இப்படித்தான் குரல் கம்மிற்று. "வாயு" என்று அவரே தீர்மானித்து, அவரே மாத்திரை வாங்கிப் பத்து மாதம் சாப்பிட்டார். வைத்தியரிடம் போனபோது குரல்வளையில் புற்று முற்றிப் போயிருந்தது. நம் வீட்டில் யாரும் அவர் பெயரை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததே பெரிய சத்தமாகக் கேட்டது. கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த நம் பெண், "அப்பா, நாளைக்குச் சிதம்பரம் போய்க் காட்டிவிட்டு வாருங்களேன்" என்றாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை அவ்வளவு நிதானமாகச் சொன்னதைக் கேட்டுத்தான் நமக்குப் புத்தி வந்தது.

காது மூக்குத் தொண்டை வைத்தியர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு, எதிரேயிருந்த திரையில் நம் குரல்வளையை நமக்கே காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இரண்டு நாண்களும் சற்றுத் தடித்திருந்தன. அவற்றுக்குப் பின்புறம் செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. "புற்று ஒன்றும் இல்லை. இங்கே வெந்திருக்கிறது" என்றார். எதனால் வெந்தது என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல், "இராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு எழுந்திருக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும், பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை என்றோம். "அதற்கு மேல் ஒரு தம்ளர் மிளகுப் பாலும்" என்று சேர்த்துக்கொண்டோம். வைத்தியர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

நமது தமிழில் எதுக்களித்தல் என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. உண்டது மேலே எதிர்த்து வருவது எதுக்களிப்பு. கைக்குழந்தைகள் பால் கக்குவதற்கும், விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் புளித்த ஏப்பம் வருவதற்கும் இந்த வார்த்தையையே வழங்குகிறோம். நம்முடைய வியாதியும் அதுவே. ஆனால் சத்தமில்லாத எதுக்களிப்பு.

இரைப்பையில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் ஜீரண நீர் ஊறுகிறது. அதிலுள்ள அமிலம் எலுமிச்சம் பழச் சாற்றை விடக் கடுமையானது. அத்துடன் பெப்ஸின் என்ற பொருளும் இருக்கிறது. புலால் உண்பவர் தின்னும் மாமிசத்தையும் நாம் உண்ணும் பருப்பையும் கரைத்துக் கூழாக்குவது அதன் தொழில். இரைப்பை தன்னைத் தானே கரைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே வழவழப்பான பூச்சு ஒன்றை இயற்கை வைத்திருக்கிறது. இரைப்பைக்கும் வாய்க்கும் நடுவே இருப்பது பத்து அங்குல நீளமுள்ள உணவுக் குழாய். அதன் அடியில் ஒரு சுருக்கு, மேலே ஒரு சுருக்கு. இரண்டும் பணப்பையின் சுருக்குக் கயிற்றைப் போல மூடித் திறக்கும். அடிச் சுருக்குத் தளர்ந்தால் அமிலம் குழாயில் ஏறும், அது நெஞ்செரிச்சல். மேற்சுருக்கும் தளர்ந்தால் அமிலமும் பெப்ஸினும் இன்னும் மேலேறிக் குரல்வளையைத் தொட்டுவிடும். உணவுக் குழாய் இதை ஓரளவு தாங்கும். தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சம் ஏறுவது ஆரோக்கியமான மனிதருக்கும் உண்டு. குரல்வளைக்கோ அந்தத் தாங்கு சக்தி இல்லை. ஆகையால்தான் நெஞ்சு எரிவதற்கு முன்பே குரல் போய்விடுகிறது. அதோடு போயிற்றா? பெப்ஸின் தொண்டைச் சதையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். பிறகு புளிப்பான ஆகாரமோ பானமோ உள்ளே போகும்போது விழித்துக்கொண்டு தன் தொழிலைத் தொடங்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

குரல் நாண்கள் எவ்வளவு சின்னவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு முக்கால் அங்குலம், பெண்களுக்கு அரை அங்குலம் இருந்தால் அதிகம். ஆண் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது அவை வினாடிக்குச் சுமார் 125 தடவை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. பேச்சு முழுவதையும் கூட்டி ஒரு மணி நேரம் ஒலித்தால் நாலரை லட்சம் மோதல்! பட்டுப் போல் இருந்தால்தான் இவ்வளவு மோதலைத் தாங்கும். அமிலத்தில் வெந்து வீங்கிய நாண் சரியாகச் சேராது. சேராத இடத்தில் காற்று ஒழுகும். பேசுகிறவர் அதை ஈடுகட்ட இன்னும் பலமாகக் கத்துவார். கத்தக் கத்த வீக்கம் அதிகமாகும். உபாத்தியாயர்கள் இந்த வலையில் சுலபமாக அகப்படுகிறார்கள். அமெரிக்காவில் இரண்டு மாகாணங்களில் விசாரித்து 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, உபாத்தியாயர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ஆயுளில் ஒரு முறையாவது குரல் கெட்டவர்கள். மற்றத் தொழில்காரர்களில் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. அவர்கள் எல்லோருக்கும் எதுக்களிப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தேய்ந்த கயிற்றில்தான் முதலில் தீப்பிடிக்கும்.

குரல்வளையைக் கண்ணால் பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தவர் ஒரு வைத்தியர் அல்ல, நம் போன்ற ஓர் உபாத்தியாயர் என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மானுவேல் கார்ஸியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார், இளமையில் பாடிப் பாடித் தம் சாரீரத்தைக் கெடுத்துக்கொண்டவர். 1854-இல் பாரிஸ் நகரில், பல் வைத்தியர் உபயோகிக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்சித் தம்முடைய குரல் நாண்களைத் தாமே பார்த்தார். மறு வருஷம் லண்டனில் ராயல் சொஸைட்டியாருக்கு அதைத் தெரிவித்தார். 101 வயது வரை ஜீவித்திருந்து 1906-இல் காலமானார். தொண்டையைக் கவனித்தவருக்கு ஆயுள் கெட்டி போலும்.

வயிற்றையும் தொண்டையையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கு இன்னும் வெகு காலம் பிடித்தது. இரைப்பை அமிலம் உணவுக் குழாயைப் புண்ணாக்குகிறது என்று நியூயார்க்கில் விங்கெல்ஸ்டைன் என்பவர் 1935-இல் எழுதினார். குரல்வளையில் ஆறாத புண் உள்ள மூன்று பேருக்கு எதுக்களிப்பே காரணம் என்று 1968-இல் செர்ரி, மார்குலிஸ் என்ற இருவர் எழுதினார்கள். 1991-இல் ஜேமி காஃப்மன் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர், 225 நோயாளிகளைச் சோதித்து விரிவான நூல் போல ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்செரிச்சல் இல்லை என்பது அதில் கண்ட ஆச்சரியம். நாம் நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று நினைத்தது இப்படி ஊரெல்லாம் உள்ள சமாசாரமாக இருந்தது.

வயிற்றுக்கும் நாவுக்கும் உள்ள உறவு நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. திருவாமூரில் பிறந்து, சமண சமயம் புகுந்திருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் கண்டது. வயிற்றில் கனல் போல் சுட்ட அந்த வேதனை மணியாலும் மந்திரத்தாலும் தீராமல், அவர் இரவோடிரவாகத் திருவதிகையிலிருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார் என்பது பெரியபுராணம். கெடிலக் கரைக் கோயிலில் பாடினார், வலி தீர்ந்தது, நாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது. அது எதுக்களிப்பு என்று சொல்லி அடியார்களின் கோபத்துக்கு ஆளாக நாம் விரும்பவில்லை. ஆயினும் நம் தொண்டை அடைத்திருந்த நாட்களில் அந்தச் சரித்திரத்தை மனத்துக்குள் அடிக்கடி படித்தோம். தமக்கை ஸ்தானத்தில் நமக்கு ஒரு மகள்.

நிற்க. வைத்தியர் கொடுத்தது ஒரு மாத்திரையும் ஒன்றரைப் பக்கம் கட்டளையும். மாத்திரை ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்தது. இரைப்பையில் அமிலம் ஊறும் யந்திரத்தையே அது கொஞ்ச காலம் அடைத்து வைக்கும். அமிலத்தை அடக்கும் மருந்துகளில் முதலில் புகழ் பெற்ற சிமெடிடினைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் என்பவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது; ஒமெப்ரசோல் அதற்கு அடுத்த தலைமுறை. இதைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளுகிறவர்கள் அநேகர். அதனால் பாதிப் பயன்தான். ஆகாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். அடுப்பு எரிந்த பிறகு விறகை ஒளித்து என்ன லாபம்?

கட்டளைகள் மாத்திரையை விடக் கசப்பானவை. படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஆறேழு அங்குல உயரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். தலையணைகளை அடுக்கினால் போதாது, அதனால் வயிறு மடிந்து தொல்லை அதிகமாகும். இடப்புறமாகப் படுக்க வேண்டும். இரைப்பை வளைந்து கிடக்கும் விதத்தில், இடப்புறம் படுத்தால் அமிலம் வாசலுக்குக் கீழே தங்குகிறது. தேரையர் பெயரால் வழங்கும் பாட்டு ஒன்றிலும் இடது பக்கமே படுக்கை சொல்லியிருப்பது கண்டு சந்தோஷப்பட்டோம். அரையில் வேஷ்டியையும் பெல்ட்டையும் இறுக்கிக் கட்டக் கூடாது. காபி குறைய வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், காரம், புளி குறைய வேண்டும். புகையிலை உள்ளவர்கள் அறவே விட வேண்டும். புதினா மிட்டாயைக் காட்டியபோது வைத்தியர் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்: புதினா இரைப்பைச் சுருக்கைத் தளர்த்துமாம். இரண்டு மாதமாகத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊரெல்லாம் பூட்டுத் தேடியிருக்கிறோம்!

புளி குறைய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு! கத்திரிக்காயைப் புளியிலும் மிளகாயிலும் மல்லியிலும் குழைத்து, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கச் செய்யும் கொத்சு, இட்டிலிக்கு எவ்வளவு ஜோடி என்பது இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கே தெரியும். அதற்குத் துணை மிளகு மணக்கும் சம்பா சாதம். இவ்விரண்டையும் விலக்கச் சொல்வது ஊரை விட்டே விலக்குவது போல இருந்தது. நம் முகத்தைப் பார்த்து இரங்கி, "மத்தியானத்தில், அளவோடு, எப்போதாவது" என்று வைத்தியர் உத்தரவு தளர்த்தினார். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் சோற்றைப் பற்றியே பேசியிருக்கிறது. முன் உண்டது செரித்ததா என்று பார்த்துப் பிறகு உண்ணச் சொல்லுகிறார் வள்ளுவர். இதை வருஷந்தோறும் வகுப்பில் பதவுரை, பொழிப்புரையுடன் சொல்லிவிட்டு இரவு பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்த உபாத்தியாயர் நாம்தாம்.

குரலுக்கென்று தனியாக ஒரு சிகிச்சையும் உண்டு. அதைக் கற்றுக் கொடுத்த பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். நம்மிடம் படித்திருக்கக்கூடிய வயது. கனைக்காதீர்கள் என்றார். கனைப்பு என்பது இரண்டு நாண்களையும் பிடித்து அறைவதற்குச் சமானம். கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். இரகசியக் குரலிலும் பேசக் கூடாது. பலருக்கு அதனால் தொண்டை இன்னும் இறுகிப்போகும். ஒரு தம்ளர் தண்ணீரில் குழலை விட்டுக் குமிழி கிளம்ப "ஊ" என்று ஊதிக்கொண்டே சுருதி ஏற்றி இறக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆசாமி கூடத்தில் உட்கார்ந்து தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு தபால்காரர் அரை நிமிஷம் திகைத்து நின்றார். ஆனால் அதில் தந்திரம் இருக்கிறது: நீரின் எதிர்ப்பு மேலிருந்து மெத்தென்று அழுத்துவதால் நாண்கள் முரட்டு மோதலின்றி ஒலிக்கப் பழகுகின்றன.

மௌனமும் கொஞ்சம் வேண்டியிருந்தது. மகாத்மா காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் அனுஷ்டித்ததும், தேசத்தின் பெரிய காரியங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியே நடத்தியதும் வாசகர்கள் அறிந்தவை. ஆத்மார்த்தமாகவும், ஓய்வுக்காகவும் அவர் அதைக் கைக்கொண்டார். நமக்கு ஆத்மார்த்தம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். வீட்டில் அதற்கு ஏகமனதான வரவேற்பு இருந்தது.

குணம் உடனே வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நெஞ்செரிச்சல் சில நாளில் அடங்கும். குரல்வளை ஆறுவதற்கு மாதங்கள் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு மாறுதலும் காணாமல் நாம் மாத்திரையை நிறுத்திவிட இருந்தோம். ஆறாவது வாரம் காலையில் உருண்டை உணர்ச்சி இல்லை. தை மாதக் கடைசியில் மூன்று மணிப் பாடவேளையிலும் குரல் நின்றது. மாசியில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது சிவப்பு வெளிறி, நாண்கள் வெண்மையாகப் பளிச்சிட்டன. அதன் பிறகும் மாத்திரையைச் சடக்கென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒரேயடியாக விட்டால் அடைபட்டிருந்த அமிலம் சில நாள் இரட்டிப்பு வேகத்துடன் ஊறும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்தால் நாம் நாணயமற்றவர்களாவோம். தொண்டைக் கோளாறுக்கெல்லாம் இந்த மாத்திரை தீர்வு என்று இப்போது பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் நாட்பட்ட தொண்டை உபத்திரவம் உள்ள 346 பேரைச் சேர்த்து, சிலருக்கு லான்சோப்ரசோலும் சிலருக்கு அதே மாதிரி தோன்றும் வெற்று மாத்திரையும் 16 வாரம் கொடுத்துப் பார்த்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு கட்சியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறின! அமெரிக்காவில் 2017-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், காய்கறிப் பிரதானமான ஆகாரமும் காரத்தன்மையுள்ள தண்ணீரும் உட்கொண்டவர்கள், மாத்திரைக்காரர்களுக்குக் குறையாமல் குணமடைந்திருந்தார்கள். ஆகையால் நம்மைக் குணப்படுத்தியது மாத்திரையா, ஏழு மணிச் சாப்பாடா, குமிழி விட்டதா என்று யாரேனும் கேட்டால் நம் ஓட்டு சாப்பாட்டுக்கே முதலில். கட்டிலுக்கு அடியில் வைத்த இரண்டு செங்கல்லுக்கு அடுத்தது. மாத்திரைக்கும் ஒரு பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை.

பாடகர்களுக்கு இந்த வியாதி வர வசதிகள் அதிகம் என்பதையும் அப்போது யோசித்துப் பார்த்தோம். கச்சேரி முடிய இரவு வெகு நேரமாகும். வெறும் வயிற்றோடு பாடிவிட்டு நடு இரவில் பெரிய சாப்பாடு. உடனே ரயிலில் படுக்கை. உச்ச ஸ்தாயியில் நிற்கும்போது வயிற்றுத் தசைகள் இரைப்பையை அழுத்துவது வேறு. செம்பை வைத்தியநாத பாகவதர் 1951-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். மறு வருஷமே அந்த வெண்கலச் சாரீரம் திடீரென்று போய்விட்டது. சிகிச்சையும் குருவாயூரப்பன் பிரார்த்தனையுமாகக் காத்திருந்து மீண்டும் பெற்றார்; 1974-இல் காலமாகும் வரையில் பாடினார். அவருக்கு வந்தது இந்த நோய் என்று நாம் சொல்லவில்லை. சாரீரம் போனால் அதோடு எல்லாம் போயிற்று என்று கை கழுவிவிடாதிருந்தார் என்பதே நாம் பிடித்துக்கொண்ட செய்தி. மற்றொரு புறம், பக்கத்தில் அண்ணாமலை சர்வகலாசாலையில் சங்கீதத்துக்குத் தலைமை வகித்த டைகர் வரதாச்சாரியார் இருக்கிறார். அவருடைய சாரீரத்தை இனிமையானது என்று எவரும் சொன்னதில்லை. சங்கீதத்தையோ குறை சொன்னவர் இல்லை. கரகரத்த குரலில் இலக்கணம் நடத்திய நாட்களில் அவரை நினைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டோம். நம் இலக்கணம் அவருடைய சங்கீதம் அல்ல என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்.

தலைமையாசிரியர் விஷயத்தை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கும் நமக்கும் ஆரம்பத்தில் கேட்ட கரகரப்பு ஒன்றே. காதால் கேட்டு இன்னது என்று வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், மாத்திரை வாங்கிப் பார்ப்பதற்கு முன் குரல்வளையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். விழுங்கும்போது வலி, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி, காரணமின்றி உடல் இளைப்பது, மூச்சு முட்டுவது, இவற்றில் ஏதேனும் இருந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம். ஆரம்பத்தில் கண்டால் குரல்வளைப் புற்றும் பெரும்பாலும் குணமாகும் வியாதியே. அவர் பத்து மாதம் சாப்பிட்ட மாத்திரையும் நாம் மூன்று மாதம் சாப்பிட்ட மாத்திரையும் ஒன்றுதான். அவர் இப்போது இல்லை. அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போகும்போது அந்தக் கணீர்க் குரல் காதில் விழாதது இன்னும் பழகவில்லை.

பங்குனியில் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. ஒலிபெருக்கி பாதியில் மக்கர் செய்தது. வழக்கம் போல எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பரிசு பெறும் பிள்ளைகளின் பெயர்களைப் படித்தோம். வேப்ப மரத்தடி வரையில் கேட்டது என்று சொன்னார்கள். கடைசி வரிசைப் பையன், அதே சிரித்த பையன், ஓட்டப் பந்தயத்துக்காக ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு போனான்.

விழா முடியும்போது மணி ஆறே முக்கால். தேநீரும் வடையும் வைத்திருந்தார்கள். மகள் தூரத்திலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றாள். வீட்டுக்கு நடந்தோம்.